எழுபத்தெட்டு சதவீதம்

ஜூன் 3, செவ்வாய்

ஸ்கேன் முடிவு வாங்கினேன். திரும்பும் வழியில் முன்னறைத் திரைச்சீலைக்குப் பன்னிரண்டு வளையங்கள். கடைக்காரன் பதினொன்றைப் பொட்டலம் கட்டினான். அவன் முன்னாலேயே பிரித்து எண்ணிக் காட்டினேன்.

முடிவு: கல்லீரலின் வலப்பக்கம் ஒரு கட்டி. 3.1 சென்டிமீட்டர். புற்றுதான். அறிக்கையில் என் பெயரை ‘எமரன்சி’ என்று பாதியில் வெட்டியிருந்தார்கள். எமரென்சியா சவரிராயன் என்று முழுதாக அடித்துத் தரும்வரை நாற்காலியை விட்டு எழவில்லை.

அறுவை சிகிச்சை செய்பவர் டாக்டர் ஷமீமா. நாற்பது வயதிருக்கும். நகங்கள் சுத்தம்.

"ஒரே கட்டிதாம்மா இருக்கு. வெட்டி எடுத்திரலாம், நல்லாயிருவீங்க. ஆனா தள்ளிப் போடக்கூடாது. இந்த மாசத்துக்குள்ள வந்து படுத்திருங்க."

"யோசிச்சுச் சொல்றேன்."

"இதுல யோசிக்க என்னம்மா இருக்கு?"

எழுபத்துமூன்று வயதுக்காரியிடம் கேட்கிற கேள்வியா இது? முதலில் திரைச்சீலை வேலை முடியட்டும்.

இந்தக் குறிப்பேட்டைத் தமிழில் எழுதுகிறேன். கான்வென்டில் தமிழ் பேசினால் கன்னியர்கள் முழங்காலில் நிறுத்துவார்கள். அதனால் தமிழ் எனக்கு எப்போதுமே ரகசிய மொழி. கனடாவிலிருக்கும் என் மகள் ஜெசிந்தாவுக்கு அதை எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். இரண்டாம் வரியிலேயே களைத்துப் போவாள்.

ஜூன் 5, வியாழன்

மாடியில் குடியிருக்கும் சங்கரவடிவு தன் ஆராய்ச்சி நூலைக் கொண்டுவந்தாள். 214 பக்கம். தனியார் கல்லூரியில் பதினாறு வருடமாகப் பாடம் நடத்துகிறாள். டாக்டர் பட்டம் இல்லாவிட்டால் வேலை நிலைக்காது என்று இப்போது நிர்வாகம் சொல்லிவிட்டதாம். நாற்பத்திரண்டு வயதில், இரண்டு பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டே எழுதியிருக்கிறாள். ஆங்கிலத்தைப் பார்த்தால் வீட்டுப்பாடம் பக்கத்திலேயே நடந்தது தெரிகிறது.

"ஜூலை பதினஞ்சுக்குள்ள குடுக்கணும் மேடம். இங்கிலீஷ் மட்டும் நீங்க பாத்துத் தந்தா போதும்."

"எதைப் பத்தி?"

"நம்ம வேலிச் செடிதான் மேடம். சாம்பல்தழை. அதோட சத்து கல்லீரல் புற்று செல்லைக் கொல்லுதான்னு பாத்தோம்."

நான் தண்ணீர் குடித்தேன். பிறகு கேட்டேன். "ஏன் அந்தச் செடி?"

"அதை இன்னும் யாரும் எடுக்கல. எங்க சார்ட்ட பன்னெண்டு பேரு முடிச்சிருக்காங்க. ஆளுக்கொரு செடி. நல்ல செடியெல்லாம் சீனியருங்களே எடுத்துட்டாங்க மேடம்."

"பன்னெண்டும் புற்றைக் கொன்னுதா?"

"பன்னெண்டும் கொன்னுது."

பாளையங்கோட்டையில் இத்தனை மருந்து முளைத்திருக்கிறது; ஆஸ்பத்திரியில் என்னடா என்றால் உட்கார நாற்காலி கிடைப்பதில்லை.

ஜூன் 8, ஞாயிறு

காலைப் பூசை. சாமியார் பிரசங்கத்தில் ஒரே கதையை இரண்டு முறை சொன்னார்.

மதியம் நான்காம் அத்தியாயம் படித்தேன். ஆங்கிலம் பரிதாபம். வினைச்சொல் ஓரிடத்தில், எழுவாய் அடுத்த பக்கத்தில். ஆனால் எண் தெளிவாக இருக்கிறது. நாற்பத்தெட்டு மணி நேரத்தில் எழுபத்தெட்டு சதவீதப் புற்று செல்கள் செத்துவிட்டன.

மாலையில் வேலியோரம் நடந்தேன். நாற்பது வருடமாக இருக்கிற செடி. சாம்பல் பூத்த இலை, ஆடுகூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். அதனால்தான் வேலிக்கு வைத்தோம்.

ஜூன் 9, திங்கள்

தழைச்சாறு, அரை டம்ளர். பித்தத்துக்கு.

ஜூன் 10, செவ்வாய்

சாறு. நேற்றைவிடக் கசப்பு. சமையலுக்கு வருகிற பேச்சியம்மாள் அம்மிக்கல்லை மோந்து பார்த்துவிட்டு, "என்னம்மா அரைச்சிய, பூச்சி மருந்து கணக்கா நாறுது?" என்றாள். பித்தம் என்றேன். "உங்களுக்கா பித்தம்? நீங்க அடுத்தவுகளுக்குல்லா குடுப்பிய" என்றாள். வாய் நீண்டுவிட்டது.

திரைச்சீலை தொங்கவிட்டாயிற்று. இடப்பக்கம் ஒரு நூல் அளவு இறக்கம். பிரித்துத் தைக்க வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

மாலைப் பத்திரிகையில் செய்தி. ‘கல்லீரல் புற்றுக்கு எமன்! நெல்லைப் பேராசிரியர் சாதனை.’ சங்கரவடிவின் பெயர் இல்லை.

சாதனையாளர் நேரிலேயே வந்தார். டாக்டர் ஆவுடையப்பன், சங்கரவடிவின் வழிகாட்டி. கூடவே புகைப்படக்காரர். காரிலிருந்து இறங்கி, பின் இருக்கையில் இருந்த வெள்ளைக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். தோட்டத்தில் எதற்கு வெள்ளைக் கோட்டு என்று கேட்டேன்.

"மக்கள் நம்பணும்லா மேடம்!" என்று சிரித்தார். "உங்க வேலிதான் நாளைக்கு உலகத்துக்கே மருந்து."

இலையைப் பறித்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். படம் எடுத்தார்கள். பிடித்திருந்தது வேலியில் படர்ந்த கோவைக்கொடியின் இலை.

பேச்சியம்மாள் என் காதில், "எம்மா, அது கோவைல்லா! சாம்பல்தழ அந்தால நிக்கு" என்றாள்.

"வாயை மூடு."

மூன்று வருடம் ஒரு செடியை ஆராய்ந்தவருக்கு அதன் முகம் தெரியவில்லை. திருத்தியிருக்க வேண்டும். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பிழையைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன்.

ஜூன் 14, சனி

பத்திரிகையில் படம் வந்துவிட்டது. காலை ஆறு மணிக்கே வாசலில் கூட்டம். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் இரண்டு பைகளோடு வந்திருந்தார். ஒரு பெண் செடிக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள். எல்லாரும் படத்தை ஒப்பிட்டுப் பார்த்துக் கோவை இலையைப் பறித்துக்கொண்டு போனார்கள். கெடுதல் இல்லை, கூட்டு வைத்துச் சாப்பிடலாம்.

சாம்பல்தழையை ஒருவரும் தொடவில்லை. எனக்கு வேண்டியது மிஞ்சியது. வேலியைச் சொல்கிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

ஆஸ்பத்திரியிலிருந்து போன். எப்போது வருகிறீர்கள் என்று கேட்டார்கள். வேளாங்கண்ணிக்குப் போகிறேன், வந்து சொல்கிறேன் என்றேன். பேச்சியம்மாள் வெங்காயம் உரித்துக்கொண்டே, "எப்பம்மா போறிய? நானும் வாரேன்" என்றாள். போகவில்லை என்றேன். "மாதா பேரச் சொல்லியா பொய் சொன்னிய?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஜெசிந்தா போன். "குரல் டல்லா இருக்கேம்மா" என்றாள். லைன் சரியில்லை என்றேன்.

சாறு முக்கால் டம்ளர் ஆக்கியிருக்கிறேன்.

ஜூன் 20, வெள்ளி

ஓரங்களில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று பார்க்க, சங்கரவடிவு பழைய சீனியர் இருவரின் நூல்களைக் கொடுத்திருந்தாள். ஒருத்தி ஏதோ கடற்கரைக் கொடியை எடுத்தவள். மற்றவன் ஒரு மரப்பட்டை.

மூன்று நூல்களிலும் புற்று செல்களின் படங்கள். ‘மருந்து ஊற்றாதவை’ என்று ஒன்று, ‘மருந்து ஊற்றியவை’ என்று ஒன்று. சங்கரவடிவின் முதல் படத்தில் கீழ் மூலையில் ஒரு தூசு, வாலறுந்த பல்லி போல. அழுக்கு என்று நினைத்துத் துடைத்தேன். போகவில்லை. அச்சிலேயே இருக்கிறது.

கடற்கரைக் கொடிக்காரியின் முதல் படத்திலும் அதே மூலையில் அதே பல்லி.

மரப்பட்டையிலும்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். இரவு உணவு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 21, சனி

சங்கரவடிவை இறங்கி வரச் சொன்னேன். மூன்று நூல்களையும் விரித்து வைத்தேன்.

"இது யாரோட பல்லி?"

முகம் வெளுத்துவிட்டது. "அது சாரோட முதல் மாணவி தமயந்தி அக்கா காலத்துப் படம் மேடம். மருந்து ஊத்தாத செல்லு எப்பவும் ஒண்ணுபோலதான இருக்கும், எதுக்குப் புதுசா எடுக்கணும்னு சார் சொல்லுவாங்க. எல்லாரும் அதத்தான் போடுதோம்."

"அப்ப எண்ணிக்கை? எழுபத்தெட்டு சதவீதம்?"

"அது நான் எண்ணுனது மேடம்! அது சத்தியமா உண்மை." அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. நல்லது. "தொண்ணூத்தாறு குழி உள்ள தட்டு. பணியாரச் சட்டி மாதிரி இருக்கும். குழிக்குள்ள செல்லு. கொஞ்சக் குழில தழைச்சத்து ஊத்துனோம், நாலு குழில வெறுந்தண்ணி."

"தழைச்சத்தை எதுல கரைச்ச? தண்ணிலயா?"

"தண்ணில கரையாது மேடம். அதுக்குன்னு ஒரு கரைப்பான் இருக்கு."

"அந்தக் கரைப்பானை மட்டும் தனியா ஊத்திப் பாத்தியா?"

விரித்திருந்த தன் நூலை மூடினாள்.

"சார் கேக்கல மேடம்."

பள்ளியில் சமையல் தேர்வன்று என் பாயசம் கரித்தது. சிஸ்டர் அகதா என்னைத் திட்டுவதற்கு முன்னால் பானைத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்தார். உப்புத் தண்ணீர். எனக்கு முழு மதிப்பெண். பதின்மூன்று வயதில் எனக்குத் தெரிந்தது டாக்டர் ஆவுடையப்பனுக்கு அறுபதில் தெரியவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

சாறு. பழகிவிட்டது, அவ்வளவுதான்.

ஜூன் 26, வியாழன்

பேச்சியம்மாளின் கண்ணில் படாமலிருக்கத் தழையை நிழலில் உலர்த்திப் பொடித்து வைத்திருக்கிறேன். ஹார்லிக்ஸ் பாட்டில். பீரோவுக்குப் பின்னால், சுவரை ஒட்டி வைத்தேன். இடம் வசதியாக இருக்கிறது.

இதை எழுதியாக வேண்டும். ஒன்பது வருடத்துக்கு முன் என் கணவர் சவரிராயன் தன் பாட்டில்களையும் அங்கேதான் வைத்திருந்தார். ஏதோ ஒரு வைத்தியர் கொடுத்த சூரணம். வயிற்றில் ரத்தம் போவதை ஐந்து மாதம் மறைத்தார். நான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போன அன்று நர்ஸ் கேட்டாள்: வேறு மருந்து ஏதாவது சாப்பிட்டாரா? அவர் வாய் திறப்பதற்குள் நான் சொன்னேன்: "எங்க வீட்டில அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது."

முந்திக்கொண்டு பதில் சொன்னது பெருமையாக இருந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். காலம் கடந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். அவர் போன முப்பதாம் நாள் பூசைக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது நான்கு காலி பாட்டில்கள் கிடைத்தன. ஒன்பது வருடமாகக் கல்லறைக்குப் போகும்போதெல்லாம் அவரை முட்டாள் என்று சொல்லிவிட்டுத்தான் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன்.

இந்த மாதம் முடிய நான்கு நாள் இருக்கிறது. டாக்டர் ஷமீமா சொன்ன மாதம்.

ஜூலை 2, புதன்

கரைப்பானை மட்டும் ஊற்றிப் பார்க்கச் சொல்லி சங்கரவடிவிடம் மறுபடி சொன்னேன்.

"இன்னும் ரெண்டு வாரந்தான் இருக்கு மேடம். சாருக்குத் தெரிஞ்சா கையெழுத்தே போட மாட்டாங்க. என் வேலை போயிரும்."

"யாராவது இதை நம்பிக் குடிச்சா?"

"யாரு மேடம் குடிப்பா? ஆடே தின்னாது! ஊர்க்காரங்க கோவை இலையத்தான பறிச்சுட்டுப் போனாங்க?" என்று சிரித்தாள்.

திருத்தி முடித்த பக்கங்களை எடுத்துக்கொள் என்றேன். மேசையில் ஒரு பெரிய உறையில் போட்டு வைத்திருந்தேன். அவள் எடுத்தாள். சிரிப்பு நின்றது. அது ஆஸ்பத்திரி ஸ்கேன் உறை. மேலே என் முழுப்பெயர், நானே திருத்தி வாங்கியது. உள்ளே, 214ஆம் பக்கத்துக்குப் பின்னால், அறிக்கை.

அறிக்கையை உருவிப் படித்தாள். ஜன்னலோரம் கழுவாமல் கிடந்த டம்ளரைப் பார்த்தாள். அடியில் பச்சைக் கறை.

"மேடம்..."

"பித்தத்துக்கு."

உறையை மேசையிலேயே வைத்துவிட்டு மேலே போய்விட்டாள். பக்கங்களைக்கூட எடுக்கவில்லை.

வேறு உறை இருந்திருக்கலாம். என் கவனக்குறைவு. எனக்குக் கவனக்குறைவு வராது.

ஜூலை 6, ஞாயிறு

சங்கரவடிவு காலையிலேயே ஆய்வகத்துக்குப் போயிருக்கிறாள். வெள்ளிக்கிழமையே ஆரம்பித்துவிட்டாளாம். இன்று எண்ணிக்கை. ஞாயிற்றுக்கிழமை பேராசிரியர் வரமாட்டார். பிள்ளைகள் இரண்டும் என் முன்னறையில். பெரியவள் திரைச்சீலையைப் பிடித்து ஊஞ்சலாடி இரண்டு வளையங்களைப் பிடுங்கிவிட்டாள். திட்டத் தோன்றவில்லை. காது முழுக்க வாசல் கேட்டில் இருந்தது.

இரண்டு மணிக்கு வந்தாள். செருப்பைக் கழற்றாமலே வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

"கரைப்பான் மட்டும் ஊத்துன குழில எழுபத்தாறு சதவீதம் செத்துருக்கு. தழையும் சேத்து ஊத்துனதுல எழுபத்தெட்டு. ரெண்டு தட்டு போட்டுப் பாத்தேன் மேடம். ரெண்டும் அதேதான்."

"அப்ப தழை?"

"தழை ஒண்ணும் பண்ணல மேடம். கரைப்பானை அளவுக்கு மேல ஊத்தியிருக்கோம். கூட என்னத்த ஊத்தியிருந்தாலும் அது கொன்னுருக்கும்." பிறகு என்னை நேராகப் பார்த்தாள். "எத்தனை நாளா குடிக்கிய?"

மாடியில் குடியிருப்பவள் வீட்டுக்காரியிடம் பேசும் தொனி அல்ல அது.

"இன்னையோட இருபத்தெட்டு."

"நாளைக்கு ஆட்டோ சொல்லுதேன். எட்டு மணிக்குக் கிளம்பி இருக்கணும்."

"நாளைக்கு எனக்கு—"

"ஒண்ணும் இல்ல உங்களுக்கு. தையல்காரன் திரைச்சீலைக்கு அடுத்த வாரம் வருவான்."

ஜூலை 7, திங்கள்

போனோம். மறுபடி ஸ்கேன், ரத்தம். கட்டி 3.7. ரத்தத்தில் ஈரல் எண்கள் ஏறியிருக்கின்றன.

"ஏன் ஏறுச்சுன்னு தெரியலையே" என்று டாக்டர் ஷமீமா தாளைப் புரட்டினார். "வேளாங்கண்ணில தங்கி என்னம்மா சாப்பிட்டீங்க?"

சங்கரவடிவு என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தேன். அதில் மாதம் கிழிக்கப்படவில்லை.

"இப்பவும் வெட்டலாம். எண் இறங்கட்டும், ஒரு வாரம் பாப்போம். பதினாறாம் தேதி."

ஆட்டோவில் திரும்பும்போது கணக்குப் போட்டேன். ஒரு நோயாளி, ஒரு செடி, இருபத்தெட்டு நாள். கட்டி ஆறு மில்லிமீட்டர் வளர்ந்தது. சாம்பல்தழையைப் பற்றி இதுவரை நடந்த ஆராய்ச்சிகளில் தூசு ஒட்டாத ஒரே முடிவு இதுதான். இதற்கு யாரும் பட்டம் தரமாட்டார்கள்.

ஜூலை 11, வெள்ளி

டாக்டர் ஆவுடையப்பன் வந்தார். இம்முறை கோட்டு இல்லை. சங்கரவடிவு புதிய எண்களை நூலில் சேர்த்துவிட்டாள். அவளுக்குப் புத்தி சொல்லும்படி என்னைக் கேட்க வந்திருக்கிறார்.

"மேடம், நீங்க படிச்சவங்க. ‘செடி வேலை செய்யல’ன்னு ஒரு தீசிஸ் எழுதுனா அதை யாரு படிப்பா சொல்லுங்க?"

"நான் படிச்சேன்."

"அது உங்களுக்கு இங்கிலீஷ் ஆர்வம் மேடம். நோயாளிங்களா படிக்கப் போறாங்க?"

பேச்சியம்மாள் காபியோடு வந்தவள், டம்ளரைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு நேற்றுதான் சொன்னேன். நேற்று முழுக்க அழுதுவிட்டு, இன்று என்னிடம் கோபமாக இருக்கிறாள்.

"சார், எனக்குக் கல்லீரல்ல புற்று. உங்க எழுபத்தெட்டு சதவீதத்தை நம்பி இருபத்தெட்டு நாள் குடிச்சேன்."

அவர் பதறவில்லை. கண்ணில் ஒரு ஒளி கூட வந்தது.

"குடிச்சீங்களா? ஏதாவது முன்னேற்றம் தெரிஞ்சுதா?"

பேச்சியம்மாள் காபியைத் திரும்ப உள்ளே எடுத்துப் போய்விட்டாள்.

நான் பல்லி இருக்கும் மூன்று நூல்களையும் மேசையில் வரிசையாக வைத்தேன். பிறகு, தமயந்தியின் பல்லி மற்ற நூல்களிலும் இருக்கிறதா என்று பார்க்கப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதும் உத்தேசம் உண்டு, என் கடிதங்களில் பிழை இருக்காது என்றேன். மரப்பட்டை நூலை எடுத்துப் படத்தைப் பார்த்தார். சங்கரவடிவின் முன்பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். பேனாவை என் மேசையிலேயே மறந்துவிட்டுப் போனார்.

கடிதத்தை எழுதத்தான் போகிறேன். அவர் அப்படி நினைக்கவில்லை.

ஜூலை 15, செவ்வாய், ஆஸ்பத்திரி

சங்கரவடிவு காலையில் நூலைக் கொடுத்துவிட்டு நேரே இங்கே வந்தாள். 221 பக்கம். படங்கள் புதியவை, தூசு இல்லை. வாய்மொழித் தேர்வில் தோற்கடிப்பார்களோ என்று பயப்படுகிறாள். பயப்பட வேண்டியதுதான்.

ஜெசிந்தாவுக்கு நேற்று சொன்னேன். கத்தினாள். விமானத்தில் இருக்கிறாள்.

மாலையில் நர்ஸ் தாளோடு வந்தாள். சின்னப் பெண். "ஆச்சி, ஒவ்வொண்ணாக் கேப்பேன், சொல்லணும் என்ன?" ஆச்சி அல்ல, மேடம் என்று திருத்தினேன். "சரி மேடம் ஆச்சி" என்றாள்.

சுகர்? உண்டு. ரத்த அழுத்தம்? இல்லை. ஒவ்வாமை? இல்லை. "வேற மருந்து ஏதாச்சும் சாப்பிட்டீங்களா? நாட்டு மருந்து, சூரணம், அந்த மாதிரி?"

என் முறை வந்துவிட்டது. முந்திக்கொண்டு பதில் சொல்ல யாரும் இல்லை.

பையைத் திறந்து ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து அவள் தாளின் மேல் வைத்தேன்.

"இருபத்தெட்டு நாள். முதல்ல அரை டம்ளர், அப்புறம் முக்கால், கடைசி பத்து நாள் பொடி, ஒரு கரண்டி. எழுதிக்கோ. ஒண்ணையும் விடாதே."

"எங்க வச்சிருந்தீங்க இத்தனையும்? வீட்ல யாரும் கேக்கலையா?"

"பீரோவுக்குப் பின்னால. எங்க வீட்ல அந்தப் பழக்கம் உண்டு."

அவர் கல்லறைக்குப் போக நேரமில்லை. பேச்சியம்மாளிடம் மெழுகுவர்த்தி கொடுத்து அனுப்பினேன். "போய் என்னம்மா சொல்லணும்?" என்றாள். இந்தத் தடவை ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றேன்.

காலை ஏழு மணிக்கு அறுவை. இந்தக் குறிப்பேட்டை சங்கரவடிவிடம் கொடுக்கப் போகிறேன். நாளைய தேதியைப் போட்டு முடிவை அவள்தான் எழுத வேண்டும். எதுவானாலும் கூட்டாமல் குறைக்காமல் எழுதச் சொல்லியிருக்கிறேன். பிழை இருந்தால், நான் வந்து திருத்திக்கொள்கிறேன்.